ஏழாம் அத்தியாயம்: ஹாரனும் அதற்குச் சேரவேண்டிய மின்சாரமும்

நெடுந்தூரப் பிரயாணத்தை உத்தேசித்து மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள், யந்திரத்தின் வலிமையையும் இருக்கையின் சௌகரியத்தையும் புகழ்ந்து ஓய்ந்த பிறகு, அதன் ஹாரனைப் பற்றிக் குறைகூறத் தொடங்குவது வழக்கம். அந்தக் குறை நியாயமானதே. தொழிற்சாலையிலிருந்து பொருத்தி வருகிற உள்ளங்கை அகலத் தட்டு ஹாரன், தெருவில் குறுக்கே வருகிற சைக்கிள்காரரை எச்சரிக்கப் போதுமானதே ஒழிய, கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டு, குளிர்சாதனத்தையும் பாட்டையும் போட்டுக்கொண்டு, நால்வழிச் சாலையில் பக்கத்தில் வருகிறவரைப் பார்க்காமல் தடம் மாறுகிற கார்க்காரரின் செவியை எட்டப் போதுமானதன்று. ஆகவே கடைக்குப் போய்ப் பெரியதொரு ஹாரனை வாங்கி வந்து, பழையதிலிருந்து இரண்டு ஒயர்களைப் பிடுங்கிப் புதியதில் செருகி, பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள். ஒலி வரத்தான் செய்கிறது. ஆயினும், கடைக்காரர் பேட்டரியில் நேராகத் தொட்டுக் காட்டியபோது கேட்ட கம்பீரம் அதில் இல்லை. பணம் கொடுத்தவர் கடைக்காரரைச் சந்தேகிக்கிறார். கடைக்காரர் மெக்கானிக்கைச் சந்தேகிக்கிறார். ஒயரைச் சந்தேகிப்பார் ஒருவருமில்லை. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி ஹாரனைப் பற்றியதாக இராமல், ஹாரனுக்குப் போய்ச் சேருகிற மின்சாரத்தைப் பற்றியதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

முதலில் எந்த ஹாரன் என்பதைத் தீர்மானிப்போம். தட்டு ஹாரன், நத்தை ஹாரன், காற்று ஹாரன் என்று கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தட்டு ஹாரனுள் ஒரு மின்காந்தம் மெல்லிய எஃகுத் தகடொன்றை இழுக்கிறது. இழுத்த மாத்திரத்தில் உள்ளேயிருக்கிற தொடுமுனை விலகி மின்சாரம் அறுந்துபோகிறது. தகடு திரும்பிவந்து தொடுமுனையை மறுபடி சேர்க்கிறது. இந்தப் போக்கும் வரவும் வினாடிக்குச் சில நூறு தடவை நிகழ்வதையே நாம் ஒலியாகக் கேட்கிறோம். நத்தை ஹாரனிலும் உள்ளிருக்கும் வித்தை இதுவே. ஆனால் அதில் எழும் அதிர்வு, சங்கைப்போல் சுருண்ட குழலொன்றின் வழியாக வளர்ந்து வெளிப்படுவதால், தட்டையான அலறல் நீங்கி, காரின் ஹாரனுக்குரிய உருண்டு திரண்ட நாதம் உண்டாகிறது. வியாபாரத்தில் இதை விண்டோன் என்பார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் ரூட்ஸ் நிறுவனம் இவ்வகை ஹாரன்களுக்குப் பெயர்போனது; ஆகையால் நம்மவர் இதற்காக அயல்நாட்டுச் சரக்கைத் தேடி அலைய வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. மூன்றாவதான காற்று ஹாரனில், சிறிய மோட்டார் ஒன்று காற்றை அழுத்திக் குழல்களுக்குள் செலுத்துகிறது. இத்தாலிய ஸ்டெபல் நிறுவனத்தின் நாட்டிலஸ் என்னும் ஹாரனில் மோட்டாரும் குழல்களும் கைக்கு அடக்கமான ஒரே கட்டாக அமைந்திருப்பதால், மேல்நாட்டு நெடும்பயணக்காரர்களிடையே அதற்குத் தனிப் பிரசித்தி உண்டு.

பிரசித்தியைக் கேட்டவுடனே அதையே தருவித்துவிட வேண்டும் என்று துடிக்கும் இளைஞர்களை இங்கே சற்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஸ்வரங்களை எழுப்பும் ஹாரனையும், அளவுக்கு மீறிக் கடுமையாகவோ கீச்சென்றோ உரத்தோ திகிலூட்டும்படியாகவோ ஒலிக்கும் எந்தச் சாதனத்தையும் வாகனத்தில் பொருத்தலாகாது என்று தடைசெய்கிறது. பஸ்களிலும் லாரிகளிலும் பொருத்திய காற்று ஹாரன்களை அதிகாரிகள் அவ்வப்போது கழற்றிப் பறிமுதல் செய்வதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். அதே சாதனம் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டதால் புனிதமாகிவிடாது. இதை ஒரு சட்டச் சங்கடமாக மட்டும் நான் கருதவில்லை. காற்று ஹாரன் திடுக்கிட வைக்கிறது. திடுக்கிட்ட ஸ்கூட்டர்காரர் எந்தப் பக்கம் ஒடிப்பார் என்பதை அவரே அறியார். ஆகவே நம் நாட்டுச் சாலைகளுக்கு, தாழ்ந்த ஸ்வரம் ஒன்றும் உயர்ந்த ஸ்வரம் ஒன்றுமாகச் சேர்ந்து ஒரே சமயத்தில் ஒலிக்கும் நத்தை ஹாரன் ஜோடியே தகுந்தது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். விதி தடுப்பது ஸ்வரங்கள் மாறிமாறி வருவதைத்தான். இரண்டும் ஒருங்கே ஒலிக்கும் ஜோடி, பெரும்பாலான கார்களில் தொழிற்சாலையிலேயே அமைந்திருக்கிறது.

ஜோடியாக ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாழ்ந்த ஸ்வரம் மூடிய கண்ணாடியை அதிகச் சேதமில்லாமல் கடந்து போகிறது. உயர்ந்த ஸ்வரம் சாலை இரைச்சலுக்குமேல் எழும்பி, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவிக்கு உணர்த்துகிறது. ஒன்று தோற்கும் இடத்தில் மற்றது வெல்லும். சங்கீத ஞானமுள்ள வாசகருக்கு இன்னொரு செய்தியும் சுவையாக இருக்கலாம்: ஜோடிகளில் பல, வினாடிக்கு 400 அதிர்வை ஒட்டி ஒன்றும் 500 அதிர்வை ஒட்டி மற்றொன்றுமாக அமைக்கப்படுகின்றன, நான்குக்கு ஐந்து என்னும் இந்த விகிதம் ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள விகிதமே. கார் ஹாரன் காதுக்கு ஓரளவேனும் சகிக்கத்தக்கதாக இருப்பதன் மர்மம் இதில் அடங்கியிருக்கிறது. வாங்கும்போது இரண்டு பெட்டிகளிலும் ஒரே ஸ்வரம் இருந்துவிடாதபடி, ஒன்றில் தாழ்ந்தது என்றும் மற்றதில் உயர்ந்தது என்றும் குறித்திருப்பதைப் பார்த்து வாங்குக.

பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் டெசிபல் கணக்கை அப்படியே நம்பி மயங்குவதும் வேண்டாம். எத்தனை தூரத்தில் அளந்தது என்று சொல்லாத டெசிபல் அர்த்தமற்றது. திறந்த வெளியில், தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி ஆறு டெசிபல் குறைகிறது என்பது பௌதிக நியதி. 2 மீட்டரில் 118 டெசிபல் என்று குறித்திருக்கும் ஹாரன், 4 மீட்டரில் 112 ஆகவும், 8 மீட்டரில் 106 ஆகவும், 32 மீட்டரில் 94 ஆகவும் தேய்ந்துவிடும். காற்று ஹாரனின் பெட்டியில் காணும் 139 என்ற எண்ணும், குழலின் வாய்க்கு மிக அருகில் அளந்த எண் என்று கொண்டாலொழியப் பொருள்படாது. ஒரே மாதிரியான ஹாரன்களை ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் ஒலி இரட்டிப்பாகிவிடும் என்ற நம்பிக்கையும் வீணே. கிடைப்பது மூன்று டெசிபல்தான்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு, சென்னையை அடுத்த தொழிற்சாலைகளிலிருந்து 2016-ஆம் ஆண்டுமுதல் வெளிவந்த ராயல் என்பீல்டு ஹிமாலயன் 411 வண்டியை எடுத்துக்கொள்கிறேன். நெடும்பயணக்காரர்களிடம் அது பரவலாக இருப்பதும், முன்புறத்தில் இடவசதி உள்ளதும் காரணம். சாதாரணத் தட்டு ஹாரன் இரண்டு அல்லது மூன்று ஆம்பியர் மின்சாரத்தோடு திருப்தியடைந்துவிடும். நத்தை ஹாரன் ஒவ்வொன்றும் ஐந்து ஆம்பியர் அளவுக்குக் கேட்கும்; ஜோடிக்குப் பத்து. வண்டியோடு வந்த ஹாரன் ஒயரோ, பேட்டரியிலிருந்து புறப்பட்டு, பியூஸைக் கடந்து, சாவிப் பூட்டுக்குள் நுழைந்து வெளியேறி, ஹேண்டில்பார் பொத்தானைத் தொட்டு, வழியில் எத்தனையோ இணைப்பான்களில் ஏறி இறங்கி, நான்கு மீட்டர் அளவுக்குச் சுற்றி வருகிற மெல்லிய ஒயர். அதன் செம்புப் பரப்பு முக்கால் சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மீட்டருக்கு 0.023 ஓம் தடை உண்டு. பத்து ஆம்பியர் ஓடும்போது ஒயரில் மட்டுமே 0.9 வோல்ட் விழுந்துவிடுகிறது. தேய்ந்த பொத்தானும் பச்சை பிடித்த இணைப்பான்களும் இன்னொரு வோல்ட்டை எளிதில் விழுங்கும். பன்னிரண்டரை வோல்ட்டில் பாட வேண்டிய ஹாரனுக்குப் பத்தரை வோல்ட் கிடைத்தால், சக்தி வோல்ட்டின் வர்க்கத்தை அனுசரித்துக் குறைவதால், கிட்டத்தட்ட பத்தில் மூன்று பங்கு சக்தி ஹாரனுக்குக் கிடைக்காமற்போய்விடுகிறது. கடையில் கேட்ட கம்பீரம் வீட்டில் கேட்காததன் விளக்கம் இவ்வளவே.

ஒலி குறைவது மட்டுமே நஷ்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சிறிய மின்சாரத்துக்கென்று செய்த பொத்தானின் தொடுமுனையில், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு தீப்பொறி தோன்றி அதைக் கருக்கிக்கொண்டே வரும். பட்டறையில் இதைச் சொன்னால், "ரிலே எதுக்கு சார்? நேரா குடுத்துட்டா அடிக்கும் சார்" என்று மெக்கானிக் தம்பி சிரிப்பார். அவர் சொல்வது பொய்யன்று, அடிக்கத்தான் அடிக்கும். கருகிய பொத்தான், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் எதிரே பஸ் இறங்கி வரும்போது, அடிக்காமற்போகும் நாளில் அவர் பக்கத்தில் இருக்கமாட்டார் என்பதுதான் சங்கடம். ஆகையால், அவரிடம் அன்பாகவே பேசி, ரிலேயைப் போடச் சொல்லுங்கள். அவருக்கு அவகாசமில்லையேல், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதில் நீங்களே செய்துகொள்ளலாம்.

ரிலே என்பது, சிறிய மின்சாரத்தின் ஆணைக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்தக் கதவு. அதன் சுருள், 0.15 ஆம்பியர் அளவே உண்ணும். பழைய பொத்தானும் பழைய ஒயரும் அதைத் தாங்குவதில் எந்தக் கஷ்டமும் இல்லை. நாலு கால் அல்லது ஐந்து கால் உள்ள, 12 வோல்ட், 30 ஆம்பியர் கார் ரிலே போதுமானது. அதன் அடிப்புறத்தில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரியின் பாசிட்டிவ் வரவேண்டும். 87 என்ற காலிலிருந்து ஹாரன்களுக்குப் போகவேண்டும். 85, 86 இரண்டும் சுருளின் இரு நுனிகள். ஐந்து கால் ரிலேயில் 87 என்பதோடு ஏ என்ற எழுத்துச் சேர்ந்த நடுக்கால் ஒன்று இருக்கும். அது பொத்தானை அழுத்தாதபோது மின்சாரம் தரும் கால். தவறி அதில் இணைத்தால், பேட்டரியை மாட்டிய கணத்திலிருந்து தெரு முழுவதற்கும் உங்கள் வேலை தெரிந்துவிடும். அதை வெறுமனே விட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுக.

பழைய ஹாரனில் செருகியிருந்த இரண்டு ஒயர்களையும் 85-இலும் 86-இலும் செருகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சில வண்டிகளில் ஹாரனுக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்துகொண்டிருக்க, பொத்தான் எர்த்தை இணைக்கும். வேறு சில வண்டிகளில் எர்த் நிரந்தரமாக இருக்க, பொத்தான் பாசிட்டிவை அனுப்பும். எது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் அன்பர்கள், ஹாரனின் இரண்டு ஒயர்களையுமே ரிலேக்குக் கொடுக்கும் இந்த முறையில் அந்த ஆராய்ச்சிக்கே அவசியமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே டையோடு வைத்த ரிலேயாக இருந்தால் மாத்திரம், பாசிட்டிவ் ஒயர் 86-க்கும் மற்றது 85-க்கும் வரும்படி, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துச் செருக வேண்டும். தொழிற்சாலை ஒயரை எங்கும் வெட்டலாகாது. ஹாரன் முனைகளுக்கேற்ற தட்டைச் செருகிகள் எந்த மோட்டார் உதிரிக் கடையிலும் கிடைக்கும். அவற்றைக் கொண்டு செய்தால், பிற்காலத்தில் வண்டியை விற்கும்போதோ, உத்தரவாதத்தைக் குறித்துக் கேள்வி எழும்போதோ, பழைய நிலைக்குத் திருப்பச் சில நிமிஷங்களே பிடிக்கும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுக. முடித்தபின் அதையே கடைசியில் மாட்டுக. பாசிட்டிவை முதலில் கழற்றப் புகுந்து, ஸ்பானரின் மறுமுனை பிரேமில் பட்டால் விளையும் மின்னல் சாமானியமானதன்று. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், தண்ணீர் புகாத மூடியுள்ள பியூஸ் கூடொன்றை வைத்து அதில் 15 ஆம்பியர் பியூஸைப் போடவேண்டும். பியூஸ் ஹாரனைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. ஒயர் எங்கேனும் உராய்ந்து பிரேமைத் தொட்டுவிட்டால், பெட்ரோல் டாங்கின் அடியில் தீப்பிடிக்காமல் தடுப்பது அந்தச் சிறு தகடு ஒன்றுதான். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட ஒயரை எதுவும் காப்பதில்லை. அது குட்டையாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவது ஆகையால்தான்.

பேட்டரியிலிருந்து முன்புறம்வரை செல்லும் ஒயருக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள, பல இழை கொண்ட ஒயரே உசிதம். வீட்டுச் சுவருக்குள் போடும் கெட்டிக் கம்பி, வண்டியின் நடுக்கத்தில் முறிந்துபோகும். போக வர இரண்டரை மீட்டர் என்று கொண்டால், இந்த ஒயரில் பத்து ஆம்பியருக்கு 0.17 வோல்ட்தான் விழும். வர என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். பாசிட்டிவுக்குத் தடித்த ஒயரைப் போட்டுவிட்டு, எர்த்தை வர்ணம் பூசிய பிரேமில் ஏதோ ஒரு போல்ட்டின் கீழ் நுழைத்துவிடுவதைப் பட்டறைகளில் சர்வசாதாரணமாகக் காணலாம். போன வழியைப் போலவே திரும்பும் வழியும் தடித்ததாக, நேரே பேட்டரியின் நெகட்டிவுக்கு வரவேண்டும். ஒயரை வண்டியின் முதுகுக் குழாயை ஒட்டி, வளையும் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, ஹேண்டில் இரு பக்கமும் கோடிவரை திரும்பும்போது இழுபடாதபடி கழுத்தருகில் சற்றுத் தொய்வு விட்டு, டை போட்டுக் கட்டுக. ரிலேயை டாங்கின் முன்பகுதிக்கு அடியில், மழை நேராக விழாத இடத்தில், கால்கள் கீழ்நோக்கும்படி தொங்கவிட்டால், உள்ளே நீர் தங்காது.

பொருத்தும் இடத்தைப் பற்றி விதி வகுப்பதைவிட, விலக்குகளைச் சொல்வது சுலபம். ஹிமாலயனின் முன்புறத்தில் எண்ணெய் குளிரூட்டி இருக்கிறது. அதன்மேல் காற்று படுவதை மறைக்கலாகாது. சைலன்சர் வளைவுக்கு அருகில் வைத்தால் பிளாஸ்டிக் உடல் இளகும். முன் சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர்வரை இறங்கும் ஆதலால், வண்டி நிற்கும்போது தாராளமாகத் தோன்றும் இடைவெளி, பெரிய பள்ளத்தில் மட்கார்டு மேலெழும் கணத்தில் இல்லாமற்போகலாம். டாங்கின் இரு பக்கத்திலும் உள்ள இரும்புச் சட்டம் வசதியான இடம். பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் பாரமும் சமமாகும், ஆனால் முழங்காலுக்கு இடிக்காதா என்று உட்கார்ந்து பார்த்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். நத்தையின் வாய் முன்னோக்கிச் சற்றே கீழே சாய்ந்திருக்க வேண்டும். நேரே முன்னோக்கினால் மழையையும், வானத்தை நோக்கினால் மழையோடு சருகையும் சேகரிக்கும். ஹாரனோடு வரும் தகட்டுத் தாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு உடலையே பிரேமோடு இறுக்குகிறவர்கள் உண்டு. அந்தத் தாங்கி வளைந்துகொடுப்பது குறையன்று. உடல் சுதந்திரமாக அதிர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வேறெந்த உலோகத்தையும் தொடாமல் ஹாரன் தொங்க, நட்டுக்கு நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டே போடுக; ஒற்றை சிலிண்டர் யந்திரத்தின் நடுக்கம், சாதாரண நட்டைச் சில நூறு கிலோமீட்டரில் தளர்த்திவிடும்.

எல்லாம் முடிந்ததும், காதை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புக. ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, பேட்டரி முனைகளில் ஒரு தடவையும், ஹாரன் முனைகளில் ஒரு தடவையும் வோல்ட்டை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். அதிகமிருந்தால், எந்தச் செருகியோ சரியாக நசுக்கப்படவில்லை என்று அர்த்தம். ஹாரனின் முதுகில் மெழுகு வைத்து அடைத்த ஒரு திருகு இருக்கும். ஒலி குறைவாக இருக்கிறதென்று அதைத் திருகப் புகவேண்டாம். அது உள்ளே தொடுமுனையின் இடைவெளியைத் தொழிற்சாலையில் சரிசெய்து மூடிய திருகு. அதைத் தொடுமுன் ஒயர்களைப் பத்துத் தடவை பார்க்கலாம்.

அயல்நாடுகளில் வசிக்கும் வாசகர்கள், காற்று ஹாரனைப் பொருத்தத் தங்கள் ஊர்ச் சட்டம் இடங்கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்க. கலிபோர்னியாவின் வாகனச் சட்டம், ஹாரன் 200 அடி தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லும் அதே மூச்சில், நியாயமற்ற உரப்பும் கடுமையும் கூடாது என்கிறது. பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு விதிகள், ஒலி தொடர்ச்சியாகவும் ஒரே சீராகவும், கர்ணகடூரமாக இல்லாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. சட்டம் இடம்தருமாயின், மேலே சொன்ன முறையே அங்கும் செல்லும், எண்கள்தாம் மாறும். நாட்டிலஸ் ஏறத்தாழ 18 ஆம்பியர் கேட்பதால், பியூஸ் 20 ஆம்பியராகவும் ஒயர் இரண்டரைக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். மோட்டார் உள்ள சாதனமாகையால், பாசிட்டிவ், நெகட்டிவ் குறிகளை மாற்றிக் கொடுக்கலாகாது. குழல்வாயில் நீர் தேங்காதபடி செங்குத்தாக நிற்கவும் வேண்டும். பி.எம்.டபிள்யூ ஆர் 1200 வரிசை வண்டிகளில், பியூஸ்களுக்குப் பதிலாக ஒரு மின்னணுப் பெட்டியே ஒவ்வொரு கிளையின் மின்சாரத்தையும் கண்காணித்து, மிஞ்சினால் அறுத்துவிடுகிறது. ஆகவே அவற்றில் ரிலே இல்லாமல் காற்று ஹாரனை இணைப்பது முயற்சி செய்து பார்க்கவும் தகாதது. பழைய ஹாரனையும் அதன் இடத்திலேயே விட்டு, அதற்குப் பக்கவாட்டில் ரிலேயின் சுருளை இணைப்பது அங்கே நல்லது.

உபயோகத்தைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை, அவசரம் நேர்ந்தாலன்றி ஹாரன் அடிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், அநாவசியமாக ஹாரன் அடிப்பதற்கு முதல் தடவை ஆயிரம் ரூபாயும் மறுதடவை இரண்டாயிரமும் அபராதம். வால்பாறை மலைச்சாலையின் நாற்பது வளைவுகளிலும் ஹாரன் அடிப்பது கடமை; முதுமலைக் காட்டுக்குள் யானை நிற்கும்போது அதே ஹாரனை அடிப்பது மூடத்தனம். யந்திரத்தை அணைத்துவிடாமல், வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி, அது வழிவிடும்வரை காத்திருப்பதே அங்கே முறை.

மழைக்காலம் முடிந்ததும், ஹாரன் வாயைக் கீழே திருப்பித் தட்டிச் சேற்றைக் கொட்டி, செருகிகளைக் கழற்றிப் பச்சை படிந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிதாக வாஸ்லின் தடவி மீண்டும் செருகுக. உயர் அழுத்த நீர்க்குழாயை ஹாரனை நோக்கிப் பிடிக்க வேண்டாம் என்று வண்டி கழுவுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும். 15 ஆம்பியர் பியூஸ் இரண்டையும், அதே அளவு ரிலே ஒன்றையும், ஈரம் படாத பையில் போட்டு, வண்டியின் உபகரணப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்; மூன்றும் சேர்ந்து ஒரு தீப்பெட்டிக்கு மேல் சற்றே அதிகமான இடத்தைத்தான் அடைக்கும்.